இருபது சங்கிலி மைதானம்

தாராசுரம்,
21.2.1999

அன்பு மகள் ஷீபாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தப் பனியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கோயிலில் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஏன்ப்பா பதிலே காணோம் என்று நீ போனில் கேட்டபோது அறுவடை வேலை என்று சொன்னேன், அது பொய். சம்பா அறுப்பு பொங்கலுக்கு மறுவாரமே முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று, வைக்கோல்கூட விற்றாகிவிட்டது. உன் தம்பி டேவிட்சன் பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் மூட்டையோடு வந்துவிட்டுப் போனான், அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நான்தான் எழுத முகமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டது சின்ன விஷயம். ஆபீஸ் விட்டு வந்து பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் மறுபடி ஓட ஆரம்பித்திருப்பதாகவும், நான்கு சுற்று ஓடினால் ஒரு மைல் என்று அங்கே எல்லோரும் சொல்ல, கூட ஓடுகிற அம்மாள் ஒருத்தி அது தப்பு, சுற்றுக்கு நானூறு மீட்டர் வீதம் ஆயிரத்து அறுநூறுதான் ஆகிறது, மைலுக்கு இன்னும் ஒன்பது மீட்டர் வேண்டும், பழைய மைதானங்கள் நானூற்று நாற்பது கெஜம் இருந்தபோதுதான் நான்கு சுற்று சரியாக ஒரு மைல் என்று விளக்கியதாகவும் எழுதியிருந்தாய். நம்ம ஸ்கூல் கிரவுண்டு எதுப்பா, மீட்டரா கெஜமா என்று கேட்டு ஒரு சிரிப்பு மூஞ்சி வேறு வரைந்திருந்தாய். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதினவனுக்கு அதைப் படித்ததும் வேர்த்துவிட்டது.

நீ ஓடின நாளில் நம் கிரவுண்டு கெஜம், ஷீபா. மீட்டர் என்று நானே போர்டு எழுதி வைத்த கெஜம். வயலை மேடாக்கிப் பள்ளிக்கு மைதானம் கிடைத்தபோது நம்மிடம் டேப் கிடையாது. பழைய கணக்குப்பிள்ளை துரைராசு வீட்டில் நிலம் அளக்கிற சங்கிலி கிடந்தது, அதை வாங்கி வந்து நேர்க்கோடு நான்கு சங்கிலி, வளைவு ஆறு சங்கிலி, அந்தப் பக்கமும் அப்படியே, ஆக இருபது சங்கிலி என்று முளையடித்துச் சுண்ணாம்பு போட்டேன். சங்கிலி என்றால் இருபது மீட்டர் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறதுதானே, நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அது வெள்ளைக்காரன் காலத்து அறுபத்தாறு அடிச் சங்கிலி. இருபது மீட்டரைவிட அரைச் சாண் நீளம். அந்த அரைச் சாண் சேர்ந்து சேர்ந்து ஒரு சுற்று நானூற்று இரண்டு மீட்டர் சொச்சம், அதாவது அதே நானூற்று நாற்பது கெஜம் ஆகிவிட்டது. ஆயிரத்து ஐநூறு மீட்டருக்கு மூன்றே முக்கால் சுற்று என்று நான் ஓடவிட்ட பிள்ளைகளெல்லாம் எட்டே முக்கால் மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறார்கள்.

அதில் நீயும் ஒருத்தி. தொண்ணூறாம் வருஷம் விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் பேர் அனுப்ப, அவரவர் பள்ளியிலேயே ஐந்து நிமிஷம் பன்னிரண்டு செகண்டுக்குள் ஓடிக் காட்ட வேண்டும் என்றார்கள். நீ வந்தது ஐந்து பதின்மூன்று புள்ளி இரண்டு. வாட்சைப் பிடித்தவன் நான். ஒரு செகண்டுதானே சார், எழுதி அனுப்பிவிடுங்க, யார் கேக்கப் போறா என்று கிளார்க் இளையபெருமாள் சொன்னதற்கு, எம் பொண்ணுக்கு ஒரு சட்டம் ஊரான் பொண்ணுக்கு ஒரு சட்டமா என்று அவர் மேல் பாய்ந்தேன். இன்னொரு தடவை ஓடறேன்ப்பா என்று நீ அழுதாய், முடியாது என்றேன். மறுநாள் நீ கழுவி வெயிலில் வைத்திருந்த கேன்வாஸ் ஷூவை எடுத்து வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தேன். அதோடு நீ ஓடுவதையே விட்டுவிட்டாய்.

அத்தோடு போயிருந்தால் தெரியாமல் செய்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். மறு வருஷம் பள்ளிக்கு ஐம்பது மீட்டர் டேப் வந்தது. ஒரு லீவு நாளில் தனியாகப் போய் அளந்தேன், நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். மழையில் கோடு அழிந்துபோச்சு சார் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டேன், ஒரு முழம்கூட வராது, யாருக்கும் தெரியவில்லை. நீ அப்போது இஞ்சினியரிங் சேர்ந்திருந்தாய். நல்லதாப் போச்சு, ஓடிக்கிட்டு இருந்தா இவ படிச்சிருப்பாளா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உன்னை ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்ட அன்றும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட பேச்சு. ரிட்டையர்மெண்ட் விழாவில் பங்குச் சாமியார், பெற்ற மகளுக்கே சலுகை காட்டாத ஆசிரியர் என்று பேசி எனக்குச் சால்வை போர்த்தினார், முதல் வரிசையில் உட்கார்ந்து நீயும் கைதட்டினாய். குனிந்து அதை வாங்கிக்கொண்டேனே, அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. தவக்காலத்துக்குத் தவக்காலம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. இந்த வருஷம் உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

முந்தாநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அந்த ஷூவையாவது அவகிட்ட விட்டு வச்சிருக்கலாம்ங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நேற்றுச் சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். நீ ஓடி முடித்த கோட்டிலிருந்து எட்டே முக்கால் மீட்டர் பின்னால் அளந்து அங்கே போய் நின்றேன். உன் ஓட்டம் அங்கேயே முடிந்துவிட்டது, ஷீபா. கணக்குப் போட்டால் ஐந்து நிமிஷம் பதினொன்று புள்ளி நான்கு. நீ தேறிவிட்டாய். அங்கிருந்து கோடு வரைக்கும் எனக்குப் பன்னிரண்டு எட்டு. அந்தப் பன்னிரண்டு எட்டில்தான் அன்றைக்கு உனக்குக் கால் பின்னியது, நான் வாட்சைப் பிடித்துக்கொண்டு ஓடுடி ஓடுடி என்று கத்தினேன்.

அப்பாவை மன்னித்துவிடு. உடனே பதில் போட மனசு வராவிட்டால் போடாதே, போன் பண்ணினால் அம்மாவையே எடுக்கச் சொல்கிறேன். காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் ஓடாதே, தவசு என்று சாப்பாட்டைக் குறைக்காதே. நீ கேட்டதற்குப் பதில், அந்த அம்மாள் சொன்னதுதான் சரி, மைல் ஓடுகிற நாளில் கோட்டுக்கு ஒன்பது மீட்டர் பின்னாலிருந்து புறப்படு. ஆயிரத்து ஐநூறு ஓடுகிற நாளில் முடிகிற இடத்தை நீயே டேப் போட்டுப் பார்த்துக்கொள், யார் சொன்னாலும் நம்பாதே, அப்பா சொன்னாலும். ஆண்டவர் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். அம்மா முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. அடைக்கலசாமி