மீன் கத்தியால் அறுத்த பக்கங்கள்

கொட்டாஞ்சேனைச் சக்கரவர்த்தியே, பேலியகொடை மீன் சந்தையின் கொடுங்கோலனே, என் தங்கையைக் கட்டி என்னை மச்சானாக்கிய பெனடிக்ற்,

நீ கல்லறைக்குப் போன பிறகு மூன்று புத்தகங்களை வாசித்து முடித்துவிட்டேன். முதலாவது துப்பறியும் கதை. அதில் விழுந்த பிணங்களை அடுக்கினால் வெள்ளவத்தையிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே போகலாம். இரண்டாவது ராசாக்களின் போர். உருண்ட தலைகளில் இரண்டு மூன்று இன்னும் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

நாங்கள் பங்கு போட்டு வாங்கும் புத்தகங்களை முதலில் வாசிப்பது நீதானே? என் கைக்கு வரும்போது பாரை மீன் மணம் இருக்கும், நடுவில் சில பக்கங்கள் இருக்காது. மீன் வெட்டுகிற கத்தியாலேயே அறுத்திருப்பாய்.

“எங்கையடா மிச்சப் பக்கம்?”

“எலி திண்டிட்டுது.”

“எலி அடிமட்டம் வைச்சு நேர்கோட்டிலையோ திண்டது?”

“கொட்டாஞ்சேனை எலி, மச்சான். படிச்சது.”

ஆட்களை உயிரோடு எரிக்கிற பக்கங்களை மட்டுமே அந்த எலி தின்றது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் சண்டை பிடித்தேன்.

மூன்றாவது, எண்பத்துமூன்றில் தமிழரை எரித்த அந்த ஆடிக் கலவரத்தைப் பற்றிய நாவல். அறுக்க நீ இல்லை. காரை மறிக்கிறார்கள். ஒருவனை இழுத்து விழுத்துகிறார்கள். பொல்லால் முழங்காலை உடைத்து, கழுத்தில் டயரைப் போட்டு, பெற்றோல் ஊற்றுகிறார்கள். எரிகிறவன் பக்கம் முழுக்கக் கத்துகிறான்.

பொய், மச்சான். என் அண்ணா கத்தவில்லை. சின்னப் பெடியனான நான் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது அவருக்குத் தெரியும். அவர் ஒருதரம் என் பக்கம் திரும்பியிருந்தால் அவர்களும் திரும்பியிருப்பார்கள். கடலைப் பார்த்தபடியே எரிந்தார்.

புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அந்த நேரம் பார்த்து உன் மகள் உள்ளே வந்தாள்.

“மாமா, அது என்ன செய்தது?”

“எனக்கு அடிச்சது.”

“ஆர் முதல் கை வைச்சது?” என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள். விரிந்து கிடந்த பக்கத்தை நின்றபடியே வாசித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“பெரிய மாமாவும் இப்பிடியோ செத்தவர்? மாமாட்டைக் கேக்காதை எண்டு அப்பா சொன்னவர். இனி ஆரிட்டைக் கேக்கிறது?”

ஆயிரம் யானைகளைப் பறக்கவிட்ட புளுகன் நான், புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி மூடினேன். “ஞாயிற்றுக்கிழமை வா பிள்ளை,” என்றேன்.

இத்தனை வருஷம் அந்த நெருப்பு என்னை நெருங்காமல் பார்த்துக்கொண்டாய். உன் மகளுக்கு நானும் அதையே செய்தால், அண்ணா எப்படிப்பட்டவர் என்று தெரிந்த கடைசி ஆள் நானாகிவிட மாட்டேனா?

ஞாயிறு பூசை முடிந்ததும் அவளை அந்த ஒழுங்கைக்குக் கூட்டிப்போகிறேன். மதில் இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். ஒரு சொல்லும் புளுகாமல் சொல்வேன், இது உனக்குத் தருகிற வாக்கு. அண்ணா நின்ற இடத்தைக் காட்டுவேன். எந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார் என்பதையும் காட்டுவேன்.

அவருக்குத் தம்பியும் உனக்கு மச்சானுமான,
சிவா