மேல்தட்டுச் சாவி

ஸ்கேன் சென்டர் வேலைக்குக் கிளம்பியவள், பெயிண்ட் அடிக்கிற கணவன் இன்னும் தூங்குவதைப் பார்த்துவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்:

“சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

நேத்து உங்க தோளை ஸ்கேன் பண்ணிட்டு, தசைநார் கிழிஞ்சிருக்குன்னு கத்தினேன். ஏணியையும் உள்ளே வச்சுப் பூட்டினேன். இப்பதான் டாக்டர் எல்லாப் படத்தையும் பார்த்துட்டு போன் பண்ணார். கிழியலையாம், லேசான வீக்கம்தானாம். கருவியைச் சாய்ச்சுப் பிடிச்சா நல்ல நாரும் கிழிஞ்ச மாதிரி கறுப்பாத் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்லித் தர்றதே அதுதான். உங்க தோள்னதும் எனக்கே கை நேரா நிக்கலை.

தப்பு என்னோடது, கத்தினது உங்களை. அதுதான் உறுத்துது.

பி.கு.: ஏணி ரூம் சாவி அலமாரி மேல்தட்டுல இருக்கு. வலது கையால, பல்லைக் கடிக்காம எட்டி எடுக்க முடிஞ்சா வேலைக்குப் போங்க. இடது கையால எடுத்தா சாயங்காலம் உங்க முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன். அதுக்கு மெஷின் வேண்டாம்.”

செருப்பை மாட்டியவள் வாசலிலேயே நின்றாள். அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டாவது வலது கையால்தான் எட்டுவார். திரும்பி உள்ளே வந்து, சாவியை இடுப்புயரத் தட்டுக்கு இறக்கி வைத்தாள்; பி.கு.வை அடித்து, ‘சாவி நடுத்தட்டுல’ என்று எழுதிவிட்டுப் போனாள்.