மைல்கல்லுக்கு முந்தைய பதினொரு பேர்

அண்ணாச்சி,

காலையில் அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. உறையைப் பிரித்ததும் புது மை வாசனை. நம் சமுதாயக் கல்லூரிக்கு இருபது வயதாகிறதாம், அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஐந்து மணிக்குள் திருத்தித் தர வேண்டும் என்று முதல்வர் தம்பி சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் பக்கத்தில் 'மைல்கற்கள்'. முதலாவது, பல்கலைக்கழக அங்கீகாரம். இரண்டாவது, முதல் அணி மாணவிகள் செவிலியர் உதவியாளர் பட்டயம் பெற்றது. அங்கே முதல் அணி என்று போட்டிருப்பது நம் இரண்டாம் அணியை. பஞ்சுக் கிட்டங்கி மாடியில் ஓர் ஆண்டு முழுக்க நம்மிடம் படித்த பதினொரு பேர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

சிவப்புப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. இரண்டு தடவை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். மணி இப்போது மூன்று.

அந்த மாடி உங்களுக்கு நினைவிருக்கும். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், கூடவே பஞ்சும் பறந்து வரும். கட்டுப்போடப் பழக்குவதற்கு நம்மிடம் பொம்மை கிடையாது. கீழே கிட்டங்கியில் கேட்டு ஒரு பஞ்சுப் பொதியை வாங்கி வந்து பெஞ்சில் கிடத்தினீர்கள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருபது வருடம் பார்த்த வேலையை அந்தப் பொதியை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். கட்டை இறுக்கும் முன் பொதியிடம் "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்க வேண்டும். கேட்காமல் கட்டினால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வீர்கள்.

செட்டியார்பட்டிப் பேச்சியம்மாள்தான் ஒருநாள் சிரித்தாள். "பட்டாளத்து சார், பொதி எங்க பதில் சொல்லுது? எம்புட்டு நேரம் நிக்கது?"

"ஆளுன்னா சொல்லுமில்லா? அதுக்கு இப்பமே நின்னு பழகு" என்றீர்கள்.

அவர்களில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பாதியில் பள்ளியை விட்டு மில்லுக்கும் வயலுக்கும் போனவர்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தக் கல்லூரி என்று கூட்டத்துக்குக் கூட்டம் நானே பேசினேன். ஆனால் அங்கீகாரத்துக்கான விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, முப்பது வருடப் பள்ளிக்கூடப் பழக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டது. எல்லாரிடமும் டி.சி. கேட்டேன்.

"வயசுச் சான்று போதும்னு தாள்லயே போட்டிருக்கு டீச்சர்" என்றீர்கள்.

"டி.சி. இல்லாம சேர்க்கை எந்த ஊர்ல உண்டு, அண்ணாச்சி?"

"பட்டாளத்துல என் நெஞ்சை அளந்தாங்க, உயரத்தை அளந்தாங்க. டி.சி.யை ஒருத்தனும் அளக்கல."

நான் சிரிக்கக்கூட இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு தையல்காரருக்குப் பித்தான் இல்லாத சட்டை எப்படியோ, அப்படி. பிறகு பள்ளி பள்ளியாக அலைந்தேன். என் பிடிவாதத்துக்கு நீங்களும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூடவே வந்தீர்கள். பத்து டி.சி. கிடைத்துவிட்டது. பேச்சியின் பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடி எடுப்பதற்கே மூன்று தடவை போனேன். பதினோராவதும் கைக்கு வந்து விண்ணப்பத்தை அனுப்பியபோது கடைசித் தேதி போய் நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த அணிக்கு அங்கீகாரம் இல்லை என்று கடிதம் வந்தது.

அதை அந்தப் பெண்களிடம் சொன்ன நாளில் நான் வாயைத் திறக்கும் முன் நீங்கள் எழுந்தீர்கள். "தப்பு என்னோடது. தேதியை மறந்துட்டேன்" என்றீர்கள். இன்னும் ஓர் ஆண்டு படித்தால் பட்டயம் உண்டு என்று கெஞ்சிப் பார்த்தீர்கள். இன்னும் ஓர் ஆண்டு யாரிடமும் இல்லை. பேச்சி மட்டும் போகும்போது உங்கள் முன்னால் வந்து நின்றாள். "மறந்துட்டேன்னு எவ்வளவு லேசா சொல்லுதிய" என்றாள்.

படியிறங்கும்போது உங்களிடம் ஏன் என்று கேட்டேன். "நான் வாரத்துல ரெண்டு நாள் சுந்தரபாண்டியத்துல இருந்து வந்துட்டுப் போறவன். நீங்கதான் நாளைக்கும் இதை நடத்தணும். உங்க சொல்லைப் பிள்ளைக நம்பணும், விடுங்க" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். அது அவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை உட்கார விடவில்லை.

பேச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் நம்மிடம் படித்த பிள்ளைகள் அதே ஆஸ்பத்திரிக்குச் சீருடையோடு வந்தார்கள். அவர்களுக்குக் கட்டுத்துணி எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. போன வாரம் மலருக்குப் பழைய புகைப்படம் கேட்டு அவளைப் பார்க்கப் போனேன். "எங்க படம் எதுக்கு டீச்சர்? பட்டாளத்து சார்தான் எங்களை மறந்துட்டாவளே" என்றாள். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்கள். பேச்சிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.

பேசிவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "பேச்சி, அவர் எதையும் மறக்கல. வேண்டாத டி.சி.க்காக விண்ணப்பத்தை நிறுத்தி வச்சது நான். அவர் என்னைக் காப்பாத்துனாரு." சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஏதாவது விளக்கம் சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிட நாக்கு துடித்தது. பொதியின் முன்னால் நிற்பது போல நின்றேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: "அப்ப அவிய மறக்கலையா?"

"இல்லம்மா."

"நான் அவிய துட்டிக்குக்கூட வரலையே, டீச்சர்."

உங்கள் சாவுக்கு அவள் வராமல் போனதற்கும் நான்தான் காரணம். கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "என் டி.சி. உங்ககிட்டயா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "ஞாயித்துக்கிழமை வாரேன். வாங்கிட்டு அப்படியே சுந்தரபாண்டியம் போவோம். அவிய வீட்டைக் காட்டுங்க" என்றாள்.

மைல்கற்கள் பக்கத்தில் முதல் வரிக்கும் மேலே, ஓரத்து வெள்ளையில், பதினொரு பெயர்களையும் எழுதினேன். அதன் கீழே, 'இவர்களே முதல் அணி. இவர்களுக்குப் பட்டயம் கிடைக்காமல் போனது அலுவலகப் பொறுப்பிலிருந்த என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல்வர் தம்பி இதை அச்சில் விடுவாரா தெரியாது. கேட்டால் நேரில் போய் உட்காருவேன்.

பீரோவின் அடித்தட்டில் இருந்த மஞ்சள் பையை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். உள்ளே பதினொரு டி.சி. இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்தேன், யாருக்கும் ஒரு நாளும் பயன்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்று குறையும். மீதிப் பத்துப் பேரிடமும் நானே போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும்.