மிஷின் நின்றால் திரும்பிப் பார்க்கிறாள்

மார்ச் 3

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நலம்தானே? முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை வழக்கம்போல்தான். இடுப்புதான் ஒடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் எது கேட்டாலும் வாலு "சாப்பிட்டேன்" என்றாள். பொம்மை வேண்டுமா என்றதற்கும் அதே பதில். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் சீழ் வருகிறது என்று எழுதினீர்களே, டாக்டரிடம் காட்டினீர்களா? தையல்கடையை ஒரு நாள் மூடினால் குடிமுழுகிப் போகாது.

அன்புடன்,
வாலுவின் அம்மா

மார்ச் 19

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. சீழ் நின்றுவிட்டது. அவளுக்குப் பாம்புக் காது. நானே சோதித்தேன். மிஷின் காலில் சாய்ந்து, எனக்கு முதுகைக் காட்டி, வெட்டுத்துணியை வைத்து விளையாடுவாள். தைத்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவேன். உடனே திரும்பிப் பார்க்கிறாள். பத்துக்குப் பத்து! கூப்பிட்டால் வராதது உன்னிடமிருந்து வந்த பிடிவாதம், வேறொன்றுமில்லை.

பள்ளிச் சீருடைகள் தலைக்கு மேல் குவிந்திருக்கின்றன. முடிந்ததும் டாக்டரிடம் போகலாம்.

அன்புடன்,
வாலுவின் அப்பா

ஏப்ரல் 8

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேற்று அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மிஷினை எத்தனை தடவை நிறுத்தியும் திரும்பவில்லை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இத்தனை நாளும் முதுகில் பட்ட அதிர்வு நின்றதற்குத்தான் திரும்பியிருக்கிறாள்.

இன்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இடது காதில் ஜவ்வுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதாம். சின்னக் குழாய் வைத்தால் சரியாகிவிடும். வலது ஜவ்வில் பெரிய ஓட்டை. அந்தக் காதுக்கு உறுதி சொல்ல முடியாதாம். "எத்தனை மாசமா இப்படி?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

கூப்பிட்டு வரவில்லை என்று போன வாரம் அவளை அடித்தேன். அழவில்லை. எதற்கென்று புரியாமல் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை என்னைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். தப்பெல்லாம் என்னுடையது. நன்றாகத் திட்டி எழுது.

வாலுவின் அப்பா

ஏப்ரல் 21

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

குழாய் வைத்தாயிற்றா? வலித்ததா? அழுதாளா? போனில் கேட்கத் தைரியமில்லை, பதிலுக்குக் காத்திருக்கவும் பொறுமை இல்லை.

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று காகிதம் கிழித்துவிட்டேன்.

நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவள் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தட்டை எடுத்துத் தட்டினேன். அதற்கும் திரும்பவில்லை. அன்றுதான் விசா கைக்கு வந்திருந்தது. சொன்னால் போகாதே என்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்லவில்லை. விளையாட்டுப் புத்தி என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பெட்டியை அடுக்கினேன். உங்களை நச்சரித்துக்கொண்டே இருந்ததெல்லாம் அந்தப் பயத்தில்தான்.

எட்டு மாதம். டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

நீங்கள் தெரியாமல் விட்டீர்கள். நான் தெரிந்தே விட்டேன்.

வேலையை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி வருகிறேன். விமான நிலையத்துக்கு அவளை அழைத்து வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

வாலுவின் அம்மா