அறுத்த விட்டம்

நவம்பர் 3
மகள் டில்டாவின் தொட்டிலுக்கு மேலே சுவர் விரிசல். கோடையில் நகம்கூட நுழையாது. இன்று சுண்டுவிரல் நுனி நுழைந்தது.

மாமியார் லவினியாவிடம் காட்டினேன். "நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சு. இந்த வீட்டுல உன்னைவிட அதுக்கு உரிமை ஜாஸ்தி."

நவம்பர் 5
விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் உடையும். பழைய கட்டடங்களைப் பற்றிக் கல்லூரியில் படித்ததற்கு இதுவாவது பயன்.

நவம்பர் 9
உடைந்துவிட்டது.

"குளிர்ல உடைஞ்சிருக்கும்" என்கிறார் ரோலண்ட். அம்மாவை எதிர்த்துப் பேசவேண்டி வந்தால் என் கணவருக்கு எல்லாமே குளிரால்தான். டில்டாவைத் தூக்கி எங்கள் அறைக்கு வந்துவிட்டேன்.

சாப்பாட்டில் மாமியார்: "ஐந்நூறு வருஷமா நின்ன வீடு, உன் பட்டத்தைப் பார்த்துப் பயந்து விழப்போகுதா?"

நவம்பர் 12
பரணில் ஏறினேன். கூரை மரமெல்லாம் கரி. புகைபோக்கியே இல்லாத காலத்தில் கூடத்தின் நடுவில் மூட்டிய நெருப்பின் புகை. அவ்வளவு பழசு.

ஆனால் இரண்டு சுவர்களையும் இழுத்துப் பிடிக்கவேண்டிய பெரிய விட்டம்? பிற்பாடு கூடத்துக்குள் மாடி போட்டவர்கள், குழந்தை அறைக்கு வாசல் வைக்க அதை நடுவில் அறுத்திருக்கிறார்கள். வெளியே அழகான செங்கல் முகப்பு. உள்ளே சுவர்கள் விலகிக்கொண்டே — போன கோடையில் கூரையில் புதுக் கல் ஓடு வேறு ஏற்றினோம். நாங்களேதான் ஏற்றினோம்.

வாசலை அடைத்து விட்டத்தை இணைக்கவேண்டும். வேறு வழியில்லை.

நவம்பர் 13
மாமியார்: "அந்த வாசலோட நிலைக்காலை யாரும் தொடக்கூடாது."

அதில்தான் நாலு தலைமுறைப் பிள்ளைகளின் உயரம், பென்சில் கோடுகளாக. ஹியூவுக்கு மூன்றே கோடு. ரோலண்டின் அண்ணன், நிமோனியாவில் போனவன்.

"அவன் வேற எங்க இருக்கான், சொல்லு."

ஆனா என் பிள்ளை இருக்காளே. நான் கல்நெஞ்சக்காரியா?

நவம்பர் 17
நேற்று முழுக்கப் புயல். காலையில் மாமியார் குழந்தை அறையில் நின்றிருந்தார். காலித் தொட்டிலில் ரொட்டி அளவு சுண்ணாம்புக் கட்டி. தலையணையைத் தட்டித் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தச்சனை வரச்சொல்லு" என்றார், என்னைப் பார்க்காமல். "நிலைக்காலை மட்டும் முழுசா எடுக்கச் சொல்லு."

பிப்ரவரி 8
விட்டம் சேர்ந்துவிட்டது. புதிய கண்ணாடி இன்னும் உடையவில்லை. தினமும் பார்க்கிறேன்.

டில்டாவுக்கு ஒரு வயது. நிலைக்கால் இப்போது மாமியாரின் கட்டிலருகே, சுவரில் சாய்த்து. "ஆடாம நில்லுடி" என்று அவளை அதனோடு சேர்த்துப் பிடித்துக் கோடு போட்டார். ஹியூவின் முதல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே.

"உயரக்காரி" என்றார். பென்சிலை என்னிடம் நீட்டினார், பெயரை நான் எழுத.