கண் வைக்காத கிழவி

எடி மச்சாள்,

குளிர் தொடங்கிவிட்டது. பெரிய ஜாக்கெற்றை இன்றுதான் வெளியே எடுத்தேன். பைக்குள்ளிருந்து வர்ணம் கரைக்கிற எண்ணெயின் மணம். கையை விட்டால், நீ தூரிகை துடைத்த பழைய துணி. போன மாரிக்குளிரில் பஸ் வந்துவிட்டதென்று என் பைக்குள் திணித்துவிட்டு ஓடினாயே, அதுதான்.

எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை முடிந்து, சூடாகக் கொஞ்சநேரம் இருக்கலாமென்றுதானே அந்த ஓவிய வகுப்புக்குள் நுழைந்தோம்? தூரிகை பிடிக்கவே தெரியாத எங்களுக்கு ரீச்சர் தந்தது, அந்தக் காலத்து எண்ணெய் ஓவியம் ஒன்றின் படம். தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு கிழவி. பார்த்து அப்படியே தீட்ட வேண்டும். முகத்துக்கு முதலில் பச்சை பூசச் சொன்னாள். தோல் நிறம் அதற்கு மேல்தானாம்.

"மனுசி சத்தியெடுக்கப் போறா, வாளியைக் கொண்டு வாடி" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் உன் கிழவியின் மூக்குக் கோணிப்போனது.

கண்ணைக் கடைசிக்கு விடாதே என்று ரீச்சர் எத்தனையோ தரம் சொன்னாள். நீ கேட்கவில்லை. "எங்கடை கோயிலிலை சிலைக்குக் கடைசியாத்தான் கண் திறக்கிறது. இவவுக்கும் அப்பிடித்தான்." சொல்லுக் கேட்டு நான் வைத்த கண்களோ இரண்டு திசை பார்த்தன. "உன்ரை கிழவி ஒரு கண்ணாலை பஸ்ஸையும் மற்றக் கண்ணாலை மெத்ரோவையும் பாக்கிறா" என்றாய். அதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நாங்கள் கூட்டித் துடைத்த வார்ட்டிலேயே நீ படுத்தாய். உன் முகத்தில் அந்தப் பச்சையைக் கண்டேன். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. நீதான் கதைத்தாய். "கிழவிக்கு இன்னும் கண் வைக்கக் கிடக்குதல்லோ. வைக்காமல் எங்கை போறது? வாறன்."

வரவில்லை.

உன் மகள் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமி, கண்ணை நீங்கள் வையுங்கோ. அம்மான்ரை அறையிலை கொழுவ வேணும்." ஓம் என்றேன்.

இன்று துணியை மடியில் வைத்துக்கொண்டு கிழவிக்கு முன்னால் இருந்தேன். ஒரு கண்ணை வைத்தேன். அதிசயமாக, நேராகத்தான் வந்தது. பார்க்கப் பார்க்க, மற்றதையும் வைத்துவிட்டால் நீ திரும்பி வர ஒரு வேலையும் மிச்சமிராது என்று பட்டது. வர்ணம் காயுமுன்னரே உன் துணியால் துடைத்துவிட்டேன்.

"மாறுகண்ணாப் போச்சுது பிள்ளை, கொஞ்சம் பொறு" என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். துணி திரும்பவும் ஜாக்கெற் பைக்குள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிக்கப்போகிறார்கள். சுளிக்கட்டும்.