பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன், ஸ்டெல்லா

என் ஆசை ஸ்டெல்லாவுக்கு,

நேற்று நம் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

புதிதாகச் சேர்ந்த மீனா, போன மாதம் பஸ் ஏறும்போது செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாதம் மரத்துப் போவுதுக்கா, ரெண்டு வாரமா இப்படித்தான் இருக்குது" என்றாள். உனக்கும் அப்படித்தானே தொடங்கியது?

எட்டு மாதம் உனக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகல் என்றே ஊசி போட்டார்கள். "நாள் முழுக்க நின்னுக்கினே வேலை செய்றோம், வலிக்காதா?" என்று நானும்தான் சொன்னேன். அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? சிறுநீர் அடைத்துக்கொண்ட பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடத்துக்குள்ளேயே கட்டி. எபென்டைமோமா. அபூர்வமான புற்றுநோய் என்றார் சென்னை டாக்டர்.

ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து உன் ஊர் முசரவாக்கம் வந்தாய். இனி நடக்கவே மாட்டாய் என்றார்கள். ஊன்றுகோலோடு சர்ச் வரைக்கும் நடந்தாய். "என்ன பாவம் செஞ்சியோ" என்று உன் பெரியம்மா அழுதபோது நீ சிரித்தாய்.

"பாவம் இல்ல பெரிம்மா, எபென்டைமோமா. எங்க, நீ ஒரு தபா சொல்லு பாக்கலாம்!"

பாவம், 'எப்பன்' வரைக்கும் வந்து மாட்டிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து அது மூளையில் தலைகாட்டியது. பேச்சு குழறிய அந்தக் கடைசி வாரத்திலும் என் கையை விடவில்லை நீ. "வலிக்குதுன்னு யாரு சொன்னாலும் நம்புக்கா" என்றாய்.

நம்பினேன். பெரியாஸ்பத்திரி பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மீனாவை இறக்கினேன். அவள் பயந்து அழுதாள். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். "நரம்பு டாக்டர பாக்காம நாங்க போவ மாட்டோம் சார்" என்று அங்கேயே நின்றேன். பத்து நாள் அலைந்து ஸ்கேன் எடுத்தோம்.

கட்டி எதுவும் இல்லை ஸ்டெல்லா! வைட்டமின் குறைவாம். ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமாம்.

நேற்று டிரைவர் அண்ணன் கேட்கிறார், "இன்னாமா டாக்டரம்மா, இன்னிக்கு யாரை எறக்கப் போற?" பஸ்ஸே சிரித்தது. மீனாவும்தான்.

சிரிக்கட்டுமே! ஒன்றும் இல்லை என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு. உனக்கு ஏன் அது கிடைக்கவில்லை?

நாளைக்கே இன்னொருத்தி சொன்னாலும் இறக்கிக் கூட்டிப்போவேன். நூறு பேருக்கும் ஒன்றும் இல்லை என்றே வரட்டும். நூறு முறையும் நான் முட்டாளாகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத அக்கா,
கற்பகம்
செவிலிமேடு